ஊசியும் உதையும்

காஜா மொய்தீனுக்கு மகள் பிறந்தபோது அவன் பக்கத்து அறையில் குப்புறக் கிடந்தான். உள்ளே மனைவி நூர் பீவிக்குப் பிரசவ வலி. வெளியே இவனுக்கு இடுப்பு வலி. பினாங்கில் பிட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் யாராவது நின்று கேட்டிருந்தால், இரண்டு முனகலில் எது பிள்ளை பெறுகிறவளின் முனகல் என்று சட்டென்று சொல்லியிருக்க முடியாது. நூர் பீவி பல்லைக் கடித்துக்கொண்டுதான் பெற்றாள். சத்தமெல்லாம் இவனுடையது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. மருத்துவச்சி நோர்மா அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவன் தலைமாட்டில் கிடத்தினாள். எழுந்து கையில் வாங்க அவனால் ஆகவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி, பிள்ளையின் வலது காதில் பாங்கு சொன்னான். பாதியில் குரல் உடைந்துபோய், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். நூர்ஜான் என்று பேர் வைத்தார்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் காஜாவைத் தெரியாதவன் இருந்தால் அவன் பட்டினி கிடந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தோளில் ஒரு தடி; ஒரு முனையில் சோற்றுக்கூடை, மறு முனையில் கறிச்சட்டிகள். அந்தத் தடிக்கு மலாய்க்காரர்கள் கண்டார் என்று பேர் சொல்ல, அதில் வருகிற சோறும் நாசி கண்டார் ஆகிவிட்டது. கிழக்கு வெளுக்கும்போது படகுத்துறையான ஜெட்டியின் படிகளில் வந்து இறக்குவான். படகுகளில் மூட்டை ஏற்றுகிறவர்கள் சுற்றிலும் குந்துவார்கள். வாழையிலையில் சுடுசோறு, அதன்மேல் மீன்முட்டைக் குழம்பு, அதற்கு மேல் ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு கரண்டி, ஓரத்தில் முழு வெண்டைக்காய். குழம்போடு குழம்பு கலக்க வேண்டும். பாத்தி கட்டித் தனித்தனியாகத் தின்கிறவனைக் காஜா, நல்ல துணியில் மூக்குச் சிந்துகிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

பிள்ளை பிறப்பதற்குக் கொஞ்சநாள் முன்னால், மழை பெய்த ஒரு காலையில் படியில் கால் வழுக்கியது. தடியை அவன் விடவில்லை. சட்டி ஒன்றுகூடக் கவிழவில்லை. இடுப்புதான் கவிழ்ந்தது. அன்றைக்கு வந்து சேர்ந்த வலி இடுப்பிலிருந்து இறங்கி, தொடையின் பின்பக்கமாக ஓடி, கெண்டைக்காலைக் கவ்வி, சுண்டுவிரலில் போய் முடிந்தது. இருமினால் குத்தும். தும்மினால் கண்ணில் பூச்சி பறக்கும். வேப்பெண்ணெய் தேய்த்தார்கள், செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தார்கள், நோர்மா இஞ்சி அரைத்துப் பற்றுப் போட்டாள். வலிக்கு அந்தப் பணிவிடையெல்லாம் பிடித்துப்போய்விட்டது போலும், சொந்த வீடாக நினைத்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில், பிறந்த அன்றைக்கே வீட்டில் ஒரு வழக்கு மூண்டது. பிள்ளை தலை முந்தி வரவில்லை. கால் முந்தி வந்திருந்தது.

நூர் பீவியின் அக்கா ரொஸ்னா விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டிக்கொண்டாள். "அல்லா கண்ணத் தொறந்துட்டான்! கால் முந்திப் பொறந்தவுங்க காலால ஒதச்சா எப்பேர்ப்பட்ட இடுப்புப் புடிப்பும் வுட்டுப் போயிரும். வெளிய எதுக்கு மருந்து தேடணும்? வூட்டுலயே பொறந்துருக்கு!"

நோர்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். "சாலா, ரொஸ்னா, சாலா! தப்பு! கால் முன்னாடி வந்த புள்ள, எங்க மலாய்க்காரங்க சுங்சாங் சொல்றது, அது இடுப்புக்கு இல்லலா. தொண்டையில மீன்முள்ளு மாட்டுச்சுன்னா அது தடவிக் குடுக்கும், முள்ளு எறங்கும்."

"மீன்முள்ளுக்கு ஒரு உருண்டை சோறு முழுங்குனா போதாதா? அதுக்குப் போயி அல்லா ஒரு புள்ளையப் பொறட்டி அனுப்புவானா?"

"இடுப்புக்கு நான் இருக்கேன்லா! நான் உருவுறது என்னா?"

"நீ உருவி உருவித்தானே மனுசன் கவுந்து கெடக்குறாரு!"

நூர் பீவி படுத்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. நாப்பது கழியாத பச்ச மண்ணு. அது யாரையும் ஒதைக்கவும் வேணாம், தடவவும் வேணாம்."

நாற்பதாம் நாளான வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க வேறொரு கவலை வந்தது. பினாங்கில் பிள்ளைக்கு முடியிறக்கும் விருந்து என்றால், ஆண்கள் எல்லாரும் வட்டமாக எழுந்து நின்று நபியைப் புகழ்ந்து மர்ஹபா பாடுவார்கள். பிள்ளையின் தகப்பன் பிள்ளையை ஏந்திக்கொண்டு அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். ஒவ்வொருவரும் கத்தரியால் ஒரு துளி முடி நறுக்குவார்கள். தகப்பன் உயிரோடு இருக்க, வேறொருவன் சுற்றியதாக அந்தச் சந்தில் பேச்சே கிடையாது.

ரொஸ்னாதான் முதலில் வாயைத் திறந்தாள். "காஜாத் தம்பி, மனசுல ஒண்ணும் வச்சிக்காத. வெள்ளிக்கெழம நீ சும்மா படுத்திரு. எங்க வூட்டுக்காரரு புள்ளையத் தூக்கிச் சுத்தட்டும்."

காஜா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ராத்தா, ஊரு சோத்தையெல்லாம் இத்தன வருசம் இந்தத் தோளுல தூக்குனேன். என் புள்ளைய இன்னும் ஒரு வாட்டி நின்னு தூக்கல" என்றான்.

ரொஸ்னா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் பக்கிரிசாமி வந்து நின்றான். ஜெட்டியில் அரிசி மூட்டை தூக்குகிறவன். இரண்டு பேர் சோற்றை ஒருவனாகத் தின்றுவிட்டு நான்கு பேர் வேலையை ஒருவனாகச் செய்வான்.

"காஜாண்ணே, ஜெட்டியே செத்துப்போச்சுண்ணே. பக்கத்துல ஒருத்தன் சோறு கொண்டாரான். குழம்பா அது? கடத்தண்ணிக்கு மஞ்சப் பூசுன மாதிரி. எந்திரிங்க, போவோம்."

"எங்கடா?"

"பினாங்கு ரோட்டுல புது டாக்டர், ஜெயராஜ்னு பேரு. தைப்பிங்கில பொறந்த நம்ம தமிழு. லண்டன்ல போயி இந்த வலிக்குன்னே ஒரு ஊசி பாத்துட்டு வந்துருக்காராம். எங்க கங்காணிக்குப் போட்டாரு. நேத்து அந்த ஆளு என்னை வெரட்டிட்டு ஓடி வாரான்!"

"ஊசி எங்க போடுவாரு?"

பக்கிரிசாமி திரும்பி நின்று, தன் முதுகின் கடைக்கோடியைத் தொட்டுக் காட்டினான்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்றான் காஜா.

சொல்லி முடிப்பதற்குள் பக்கிரிசாமி அவனை ஒரு மூட்டையாக அள்ளி வாசலில் நின்ற ரிக்‌ஷாவில் குறுக்கே கிடத்திவிட்டான். வழிநெடுக ஒவ்வொரு குழிக்கும் காஜா ஒரு தர்கா வலியுல்லாவைக் கூப்பிட்டான். பினாங்கு ரோடு போய்ச் சேர்வதற்குள் நாகூரும் ஏர்வாடியும் முடிந்து, முத்துப்பேட்டையில் இருந்தான்.

டாக்டர் ஜெயராஜ் இளவயது. சட்டைக் கையை மடித்துவிட்டு, காஜாவை மல்லாத்தி, அவன் காலை நேராக உயர்த்திப் பார்த்தார். கால் பாதி உயர்வதற்குள் காஜா போட்ட சத்தத்தில் கூரை பறந்தது.

"புரிஞ்சுது. இது இடுப்புப் பிடிப்பு இல்லை, நரம்பு. முதுகெலும்பை விட்டு வெளியே வர்ற இடத்துல நசுங்கி வீங்கியிருக்கு. அதனாலதான் இடுப்புல தட்டினா சுண்டுவிரல்ல மணி அடிக்குது. வாலெலும்புக்கு மேலே ஒரு சின்ன வாசல் இருக்கு. அது வழியா மரப்பு மருந்தும் உப்புத்தண்ணியும் ஏத்தினா, நரம்பைச் சுத்தி ஓடி அதை இளக்கிவிடும்."

"செத்துருவனா டாக்டர்?"

"ஒருநாள் கட்டாயம். இன்னைக்கு இல்லை. திரும்பிப் படுங்க."

வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். கைலியைக் கீழே இறக்கச் சொன்னபோது காஜாவுக்கு வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கதவை நன்றாகச் சாத்தச் சொன்னான். ஜில்லென்று எதையோ தடவினார் டாக்டர். விரலால் தேடினார். ஒரு சிறு எறும்புக்கடி, அப்புறம் பெரிய ஊசி.

"இப்ப மருந்து ஏறுது. கால்ல இறுக்கமா வரும், வலி கூடுற மாதிரி இருக்கும். அசையக் கூடாது. பேசிக்கிட்டே இருங்க. உங்க ஆட்டுக்கறிக் குழம்புக்கு என்னென்ன போடுவீங்க?"

காஜா மூச்சை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தான். "சின்ன வெங்காயம்... வதங்கக் கூடாது, செவக்கணும்... கொத்தமல்லி, சோம்பு, கசகசா... வறுத்து அரைக்கணும்... யா அல்லா, காலுக்குள்ள தண்ணி ஓடுது டாக்டர்!"

"ஓடட்டும். அப்புறம்?"

"கருவேப்பில... தேங்காப்பால் ரெண்டாம் பாலு மொதல்ல..."

"அப்புறம்?"

காஜா நிறுத்திவிட்டான். "அதுக்கப்புறம் ஒரு சாமான் இருக்கு டாக்டர். பொண்டாட்டிக்கே சொன்னதில்ல."

கதவுக்கு வெளியிலிருந்து பக்கிரிசாமி கத்தினான். "சொல்லித் தொலைங்கண்ணே! ஊசி உள்ள இருக்குதுல்ல!"

சொல்லலாமா வேண்டாமா என்று காஜா மனசுக்குள் பஞ்சாயத்து வைத்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே கை கழுவினார்.

"கால் சாயங்காலம் வரைக்கும் மரத்துக் கிடக்கும், பயப்படாதீங்க. வலி போகலாம். மறுபடி வரவும் வரலாம், வந்தா இன்னொரு ஊசி. ரெண்டு வாரத்துக்கு ஒரு பாரமும் தூக்கக் கூடாது. யாரையும் உருவவிடாதீங்க."

வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, சரக்குக் கப்பல் காத்திருக்கிறது என்று பக்கிரிசாமி ஓடிவிட்டான். ரொஸ்னா வந்து காஜாவின் கால் கட்டைவிரலைக் கிள்ளினாள்.

"வலிக்குதா தம்பி?"

"இல்ல ராத்தா! ஒண்ணுமே தெரியல!" என்றான் காஜா, முகமெல்லாம் பல்லாக.

இன்னும் அழுத்திக் கிள்ளினாள். "இப்ப?"

"ம்ஹும்!"

அவன் அதைச் சந்தோஷச் செய்தியாகத்தான் சொன்னான். ரொஸ்னா அதை வேறுவிதமாகக் கேட்டாள். "அய்யய்யோ, காலு செத்துப்போச்சே! ஊசியப் போட்டு ஒத்தக் கால மொடக்கிப்புட்டானே! ஓடியாங்க!"

"டாக்டர் சொன்னாருலா, சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருக்குமாம்..."

"டாக்டர் சொல்லுவாரு! காலு அவரோடதா?"

சந்தில் பாதிப் பேர் வந்து கூடிவிட்டார்கள். அடுத்த வீட்டு மூதாட்டி யாசீன் ஓத ஆரம்பித்தாள். அது சாகக் கிடக்கிறவர்களுக்கு ஓதுவது என்று தெரிந்திருந்ததால் காஜாவுக்கே லேசாகப் பயம் வந்தது. நூர் பீவி முகம் வெளுத்து நின்றாள். அவளும் குனிந்து கணவன் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், நாற்பதாவது, பச்ச மண்ணாவது. பிள்ளையைத் தூக்கிவந்து அக்காள் கையில் கொடுத்தாள்.

"வை ராத்தா. காலை வை."

ரொஸ்னா பிஸ்மி சொல்லி, நூர்ஜானின் இரண்டு பாதத்தையும் காஜாவின் இடுப்பில் பதித்தாள். தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் பிள்ளை ஒரு உதை விட்டது. இன்னொன்று விட்டது. பிறகு நிதானமாக வாப்பாவின் முதுகை நனைத்தது.

வேளை என்று ஒன்று இருக்கிறது. சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. மருந்து வடிகிற நேரமும் பிள்ளை உதைத்த நேரமும் ஒன்றாக வாய்த்துவிட்டன.

"ஊருது!" என்று கத்தினான் காஜா. "சுண்டுவிரலு ஊருது!"

சந்து முழுக்க அல்லாஹு அக்பர் என்றது. ரொஸ்னா நோர்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு ராஜ்யத்தைப் பிடித்த பெருமை இருந்தது.

மறுநாள் விடிகாலையில் காஜா எழுந்து, கிணற்றடிக்குப் போய்த் தொழுகைக்கு ஒலுச் செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் தான் நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தான். நின்றான். இருமிப் பார்த்தான். வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டான். வலி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. இடுப்பில் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். கிணற்றடியிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நூர் பீவி ஓடிவந்தாள். வந்தவள் அவன் நேராக நிற்பதைப் பார்த்து அழுதாள்.

உள்ளே ஓடிப்போய்த் தொட்டிலில் கை வைத்தான். நூர் பீவி கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீங்க மச்சான். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. மறுபடி வுழுந்து கெடந்தீங்கன்னா நான் தாங்க மாட்டேன்."

"விருந்து நாளைக்குலா!"

"நாளைக்குத்தான். அதுக்கு என்னா செய்ய?"

அதற்குள் வாசலில் கூட்டம். இடுப்பு பிடித்த காசுமாற்றுக் கடைக்காரர், முதுகு வளைந்த வெற்றிலைக் கடைக்காரம்மா, கழுத்து திரும்பாத ஒரு சீனத் தச்சர், எல்லாரும் பிள்ளையிடம் ஒரு உதை வாங்கிப் போக வந்திருந்தார்கள். மத்தியானம் ஒருவர் தொண்டையில் மீன்முள்ளோடு வந்தார். நோர்மா பாய்ந்து வந்து, பிள்ளையின் பாதத்தை அவர் தொண்டையில் வைத்தாள். பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. அவர் சிரித்து, சிரிப்பில் இருமி, இருமலில் முள் வெளியே வந்து விழுந்தது. அதற்கப்புறம் நோர்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

காஜா இந்த அமளியில் நழுவி, நடந்தே டாக்டரிடம் போனான். உள்ளே நுழைந்ததும் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"டாக்டர், பச்சப் புள்ள பாரமா?"

டாக்டர் கதை முழுவதையும் கேட்டார். பிள்ளை உதைத்த இடம் வந்ததும் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "நான் லண்டன் வரைக்கும் போய்ப் படிச்சதை உங்க பொண்ணு பொறக்கும்போதே படிச்சுட்டு வந்துட்டா. சரி, நீங்க சொல்லுங்க, குணமாக்கினது ஊசியா, உதையா?"

காஜா யோசித்தான். "ரெண்டும் அல்லா அனுப்புனதுதான் டாக்டர். ஆனா ஊசி என்மேல ஒண்ணுக்குப் போகல."

"சரி. குனிஞ்சு எடுக்கக் கூடாது. நீங்க நேரா நிக்கணும், வேற யாராவது கையில குடுக்கணும். ஒரு சுத்து. ஒண்ணே ஒண்ணு. நானே வந்து பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வந்தார்கள். பாய் விரித்து, ஊதுபத்தி ஏற்றி, தாம்பாளத்தில் கத்தரியும், முடியைப் போட வாய் சீவிய இளநீரும் வைத்திருந்தார்கள். விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. காஜா முக்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்ய, பக்கிரிசாமி அண்டாவைத் தூக்கி இறக்கினான். அந்தக் கடைசிச் சாமானைப் போடுகிற நேரத்தில் மட்டும் அவனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டான் காஜா. பெண்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் வந்து நின்றார்.

மர்ஹபா தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். காஜா திரைக்கு முன்னால் நேராக நின்று இரண்டு கையையும் நீட்டினான். மருதாணி இட்ட நூர் பீவியின் கைகள் திரைக்கு வெளியே வந்து பிள்ளையை வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே தாங்கிப் பார்த்து, மெதுவாக விலகின.

கனமே இல்லை. அவ்வளவு லேசான ஒன்றுக்கு இவ்வளவு சூடு எப்படி இருக்கும் என்று காஜாவுக்கு விளங்கவில்லை. தோளில் தூக்கியே பழகியவன் அவன். நெஞ்சோடு சேர்த்து எதையும் தூக்கியதில்லை. முதல் அடி வைத்தான். கால் சொன்னபடி கேட்டது. அடுத்த அடி. காசுமாற்றுக் கடைக்காரர் ஒரு துளி முடி நறுக்கினார், அடுத்தவர் நறுக்கினார், டாக்டரும் நறுக்கினார். பிள்ளை கண்ணை விழித்து, வாப்பாவின் தாடையைப் பார்த்துக்கொண்டே வந்தது. மர்ஹபாவுக்கு அவன் வாய் மட்டும் அசைந்தது.

வட்டம் முடிந்து திரைக்கு முன்னால் வந்தான். பிள்ளையை வாங்க மருதாணிக் கைகள் வெளியே நீண்டன. காஜா அந்தக் கைகளைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். கொடுக்கவில்லை. திரும்பி, மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

முடிக்கத் தயாராகக் குரலை இறக்கியிருந்த பாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மறுபடி குரலை ஏற்றினார்கள். இரண்டாவது சுற்றும் முடிந்தது. அப்போதும் கொடுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் ரொஸ்னாவுக்குப் பொறுக்கவில்லை. "வழக்கம் ஒரு சுத்துதானேடி? டாக்டர் வேற நிக்கிறாரு. நிறுத்தச் சொல்லு!"

நூர் பீவி திரையை விலக்கிப் பார்த்தாள். புருஷன் நிமிர்ந்து, நெஞ்சை உயர்த்தி நடந்துகொண்டிருந்தான்.

"ஒரு சுத்துங்கறது ஊருல உள்ள புள்ளைங்களுக்கு ராத்தா. இது பன்னெண்டு வருசம் கழிச்சு வந்த புள்ள. வருசத்துக்கு ஒரு சுத்து சுத்தட்டும், வுடு."

டாக்டருக்கும் அது காதில் விழுந்தது. கூடத்தின் மூலையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, களைத்தால் உட்காரட்டும் என்று வட்டத்தின் ஓரத்தில் போட்டார். காஜா அதைத் தாண்டி நான்காவது சுற்றுக்குப் போனான்.